‘பொண்ணு நின்னுடுவாளா?’

கல்லங்குறிச்சி என்று சொன்னால் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கள்ளக்குறிச்சி என்றுதான் காதில் வாங்கிக்கொள்கிறார்கள். ஊர் வேறு, மண்ணும் வேறு. அரியலூரிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். கருவறையில் பெருமாளுக்கு உருவச்சிலை கிடையாது. ஓங்கி நிற்கும் ஒரு கல் கம்பம்தான் சாமி. ராமநவமியை ஒட்டித் திருவிழா. அறுவடை முடிந்ததும் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவது சுற்றுவட்டார விவசாயிகளின் வழக்கம். சிலர் கன்றுக்குட்டியைக்கூடப் பிடித்து வந்து விடுவார்கள்.

நிலவியல் படித்தவர்களுக்கு இந்த ஊரின் பெயர் வேறு வழியில் பழக்கம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு நிலவியல் நூல்களில் ‘கல்லங்குறிச்சிப் படிவம்’ என்றுதான் பெயர். பாறையை உடைத்துப் பார்த்தால் சிப்பி சிப்பியாக இருக்கும். அரியலூர்ச் சிமென்ட்டில் கட்டிய வீடு ஒருவகையில் சிப்பியால் கட்டிய வீடுதான்.

இந்தக் கட்டுரை சிப்பியைப் பற்றியதல்ல, வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது. ஆனால் இந்த மாவட்டத்தில் ஆள் எடுப்பு எங்கே தொடங்கியது என்று தேடிப்போனால் அந்தச் சுண்ணாம்புக் கல்லில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

கல் எடுத்த காலம்

தமிழ்நாடு அரசு சிமென்ட் நிறுவனத்தின் அரியலூர் ஆலை 1979-ல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு தனியார் ஆலைகள் வரிசை கட்டின. கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தளவாய், தாமரைக்குளம் என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு புகைபோக்கி கண்ணில் படும். கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி நின்று, புழுதி அடங்கிய பிறகு வண்டியைக் கிளப்புவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழகிப்போன ஒன்று.

சிமென்ட் ஆலை பெரிய இடத்தை வாங்கிக்கொண்டு சின்ன எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் தொழில். 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒருசிலர் ஓட்டிவிடலாம். அந்த நாற்காலிக்குப் படித்தவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பெருவாரியாகக் கிடைத்தவை லோடு ஏற்றும் வேலை, பேக்கிங், லாரி, கான்ட்ராக்ட் ஹெல்பர். ஆனந்தவாடிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலை கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரிக்கு என்று 1990-களில் எடுத்த நிலத்தின் கதை இன்னும் வினோதம். நிலம் கைமாறியது, இழப்பீட்டு வழக்குகள் நீதிமன்றத்தில் ஓடின, சுரங்கம் மட்டும் வரவே இல்லை.

ஆகவே ‘கம்பெனி வருது’ என்று யாராவது சொன்னால் இந்த ஊர்களில் உடனே யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. ‘வரட்டும், பாக்கலாம்’ என்பார்கள். அதை அவநம்பிக்கை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அனுபவம் என்றே படுகிறது.

வேலை கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள்? திருப்பூருக்கு, சென்னைக்கு, சிங்கப்பூருக்கு, வளைகுடாவுக்கு. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியபோதுதான் வெளியுலகத்துக்கு ஒரு விஷயம் தெரிந்தது. சந்தை மூடியதும் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அதுவரை அமைதியாக இருந்த அரியலூர், பெரம்பலூர், கடலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை தடதடவென ஏறியது. சென்னை நகரம் காலையில் சாப்பிடும் காய்கறியை எந்த மாவட்டத்துத் தோள்கள் இறக்குகின்றன என்பதை ஒரு நோய் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

செருப்பு வந்தது

2022 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டு, பீனிக்ஸ் கோத்தாரி காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உலகம் முழுக்கக் கால்களில் மாட்டிக்கொண்டு திரியும் அந்த ஓட்டை ஓட்டையான கிராக்ஸ் செருப்பு இப்போது பெரம்பலூர் மண்ணிலும் தயாராகிறது. 2024 நவம்பர் 15 அன்று ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்தின் ஆலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. அதில் பெரும்பகுதி பெண்களுக்கு.

சிமென்ட்டுக்கு நேர் எதிரான தொழில் இது. கல்லை வெட்ட இயந்திரம் போதும். ஷூவுக்குக் கை வேண்டும். கட்டிங், ஸ்டிச்சிங், அசெம்ப்ளி, பேக்கிங் என்று ஒரு ஜோடி ஷூ பெட்டிக்குள் போவதற்குள் பல பேர் கையைத் தாண்டிவிடும். செய்யாறில் 2006 வாக்கில் தைவான் நிறுவனம் ஒன்று தொடங்கி வைத்தது இந்தப் பாதை. பெரிய நகரத்துக்குப் பெண்களை அழைப்பதைவிடப் பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆலையைக் கொண்டுபோவது லாபம் என்ற கணக்கு. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும்.

ஆக, நிலத்துக்கு ஈடாக வேலை கேட்டுக் கிடந்த ஊரில் இப்போது ஆலை ஆள் தேடி வருகிறது. இங்கேதான் தலைப்பில் இருக்கும் கேள்வி பிறக்கிறது.

இரண்டு பக்கமும் வெட்டும் சொல்

ஆள் எடுக்க வருகிறவர்களுக்கு முதல் கவலை திறமை அல்ல. செருப்புத் தைக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் கிடைக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், கற்றுக்கொடுத்துக்கொள்வார்கள். கவலை வேறு. ஆறு வாரம் பழக்கிய பெண் ஏழாவது வாரம் வராமல் போனால்? மேடையில் ‘மீண்டெழும் திறன்’ என்று சொல்லப்படும் சரக்கு, ஆள் எடுக்கும் மேசையில் இப்படித்தான் பேச்சாகிறது: ‘பொண்ணு நின்னுடுவாளா?’

தமிழில் ‘நிற்பது’ இரண்டு பக்கமும் வெட்டும். ‘வேலையை விட்டு நின்னுட்டா’ என்றால் விலகிவிட்டாள். ‘நிலைச்சு நின்னுட்டா’ என்றால் வேரூன்றிவிட்டாள். ஒரே சொல்லில் இரண்டு முடிவும் இருக்கிறது. எது நடக்கும் என்பதைப் பெண்ணின் மனவலிமையில் தேடுவதுதான் வழக்கம். ஆகவே சேர்ந்த முதல் வாரம் தன்னம்பிக்கை வகுப்பு. ஒருவர் வந்து, கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லச் சொல்வார். கைதட்டல், குரூப் போட்டோ, சமோசா, டீ.

ஆண்டிமடம், செந்துறை வட்டாரத்தில் கொளுத்தும் வெயிலில் முந்திரி பொறுக்கியவர்கள் இவர்கள். பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி எடுத்தவர்கள், விடுமுறை நாளில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்தவர்கள். முதுகு வலிக்க வலிக்கத் தாக்குப்பிடிப்பது எப்படி என்று இவர்களுக்கு வகுப்பெடுக்க ஏ.சி. அறையிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை.

இவர்களுக்கு வராதது இன்னொன்று. லைனில் மெஷின் சரியில்லை என்றால் ‘சார், மெஷின் சரியில்ல’ என்று உரக்கச் சொல்வது. டார்கெட் முடியாதபோது ஏன் முடியவில்லை என்று காரணம் சொல்வது. மாதவிலக்கு நாளில் ஓய்வு கேட்பது. சூப்பர்வைசர் பேசியது தப்பு என்று இன்னொருவரிடம் போய்ச் சொல்வது. வீட்டில் அப்பாவிடமும் பள்ளியில் வாத்தியாரிடமும் எதிர்த்துப் பேசாதே என்று 18 வருடம் பழக்கிவிட்டு, 19-வது வருடம் ஆலை வாசலில் ‘கான்ஃபிடென்ஸ் இருக்கா?’ என்று கேட்கிறோம். பொறுத்துப்போகத் தெரிந்தவள் பொறுக்க முடியாத நாளில் சண்டை போட மாட்டாள். மறுநாள் வர மாட்டாள், அவ்வளவுதான். ஹெச்.ஆர். பதிவேட்டில் அது ‘சொந்தக் காரணம்’ என்று ஏறும்.

என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு தேதியைத் தப்பாக அச்சேற்றிவிட்டேன். எல்லாரும் பார்க்க எனக்குக் கிடைத்த அர்ச்சனையில் நான் கற்றுக்கொண்டது தேதியைச் சரிபார்க்க அல்ல, தப்பை மறைக்க. அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க அடுத்த வேலையில் ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டார்.

பேசவிட்டால் என்ன ஆகும்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் பக்கத்து மாநிலத்தில். அச்யுதா அத்வர்யு, அனந்த் நிஷாதம் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் பெங்களூரின் ஷாஹி ஆயத்த ஆடை ஆலைகளில் செய்த ஆய்வுகள் இவை. ஒன்றில், தையல் லைனில் இருந்த பெண்களுக்குப் பேச்சு, நேர மேலாண்மை, சிக்கலைத் தீர்ப்பது போன்றவற்றில் நீண்ட பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி கூடியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சி பெறாதவர்களுடையதும் சேர்ந்து கூடியது. கம்பெனி போட்ட காசைப்போல இரண்டு மடங்குக்கு மேல் லாபம். ஆனால் அந்தப் பெண்களின் சம்பளம் ஏறியதோ பெயருக்குத்தான். இந்தப் பின்பாதியைப் பயிற்சி நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தில் போடுவதில்லை.

எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றியது இன்னொரு ஆய்வு. 2016-ல் வந்த சம்பள உயர்வு தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உயர்வு வந்த கையோடு ஏறக்குறைய 2,000 தொழிலாளர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேரிடம் மட்டும் ஒரு கருத்துக் கேட்பு நடத்தினார்கள். சம்பளம் பற்றி, சூப்பர்வைசர் பற்றி, வேலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். யார் சொன்னது என்று வெளியில் தெரியாது. அதன் பேரில் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. ஆனாலும் அடுத்து வந்த மாதங்களில், கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டு நின்றது மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

இதைப் படித்துவிட்டு ‘அப்ப சம்பளம் ஏத்த வேண்டாம், கருத்து கேட்டாப் போதும்’ என்று எந்த முதலாளியாவது முடிவு கட்டினால் அது ஆய்வின் குற்றமல்ல. கேட்டுவிட்டு எதுவும் செய்யாவிட்டால் இரண்டாவது முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

டொயோட்டா ஆலைகளில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் இழுக்கலாம் என்று ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வருவார், உடனே சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் என்று கணக்கு வந்தது. குழம்பிப்போய் ஆழமாகப் பார்த்தார். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொல்லப்பட்டது. கயிறு எல்லா ஆலைகளிலும் கட்டிவிடலாம், சில நூறு ரூபாய்ச் செலவு. இழுத்த பெண்ணை மறுநாள் அதே லைனில் மரியாதையோடு உட்கார வைப்பதுதான் செலவு பிடிக்கும் காரியம்.

ஓசூர் செய்த வேலை, ஸ்ரீபெரும்புதூர் கண்ட பாடு

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது, கிட்டத்தட்ட 40 வருடம் பழையது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகார ஆலை போட்டது. கடிகாரம் செய்யத் தெரிந்தவர்களை ஏற்கெனவே இருந்த ஆலைகளிலிருந்து இழுத்து வந்திருக்கலாம். செர்க்ஸஸ் தேசாய் தலைமையிலான குழு அந்த வழியில் போகவில்லை. தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் பள்ளிப் படிப்பு முடித்த 17, 18 வயதுப் பிள்ளைகளை எடுத்தார்கள். பலர் அதுவரை சொந்த ஊரைத் தாண்டாதவர்கள்.

பிள்ளைகள் வந்தார்கள், தங்க வேண்டுமே? வீடு பிடித்துக் கொடுத்து, அவர்களோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் போல மூத்தவர்களை அமர்த்தியது நிறுவனம். நகரத்தில் எப்படி நடந்துகொள்வது, சம்பளத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் சொல்லித்தர வீட்டிலேயே ஆள். மாற்றுத்திறனாளிகளையும் தொடக்க ஆண்டுகளிலிருந்தே வேலைக்கு எடுத்தார்கள். கடிகாரத்துக்குள் மயிரிழை போன்ற பாகத்தை இடுக்கியால் பொருத்தும் கை நடுங்காமல் இருக்க வேண்டுமென்றால், மாலையில் போய்ச் சேரும் வீட்டைப் பற்றிக் கவலை இருக்கக்கூடாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. 18 வயதில் அங்கே சேர்ந்த முதல் தலைமுறை இப்போது ஓய்வுபெறும் வயதில் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் நம் மாநிலத்திலேயே நடந்தது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி. அது உண்மையல்ல. ஆனால் உண்மையல்ல என்று அந்தப் பெண்கள் நம்பும்படி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள், ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஐபோன் பூட்டத் தெரிந்த கைகளுக்கு, விடுதிச் சோற்றைப் பற்றிப் புகார் சொல்ல நெடுஞ்சாலை ஒன்றுதான் வழியாக இருந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண்களுக்காகச் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் சிமென்ட்டோடு அந்தச் சாலை மறியலும் கலந்திருக்கிறது.

ஃபாக்ஸ்கான் பற்றி 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியும் ஆள் எடுப்பு சம்பந்தப்பட்டதுதான். மணமான பெண்களை வேலைக்குச் சேர்க்காமல் ஒதுக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பிள்ளை, குடும்பம் என்று நின்றுவிடுவாள் என்ற பயம். மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. தற்போது சேர்ப்பவர்களில் மணமானவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்றது நிறுவனம். ‘நின்னுடுவாளா?’ என்ற அப்பாவிக் கேள்வி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இங்கே என்ன இருக்கிறது?

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஒரு வசதி உண்டு, ஆலையில் வேலை செய்தாலும் இரவு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். விடுதி தேவையில்லை என்பதால் பெற்றோர் சம்மதிப்பதும் எளிது. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ 2022 மார்ச்சில் தொடங்கியது. 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறது அரசு. இவையெல்லாம் வாசல் வரை கொண்டுவிடும்.

வாசலுக்கு உள்ளே நடப்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பகம், 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன் இருக்க வேண்டியிருந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழுவின் பெயர்ப் பலகை எங்கும் தொங்கும். அதில் இருப்பவர் யார், எந்த மேசையில் உட்கார்ந்திருப்பார், அவரிடம் சொன்னால் அது சூப்பர்வைசர் காதுக்குப் போகுமா போகாதா என்பது லைனில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியுமா? தன்னம்பிக்கையை அளக்க எனக்குத் தெரிந்த கருவி இந்தக் கேள்விதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிமென்ட் காலத்தில் கட்டுப்பாட்டு அறை நாற்காலி வெளியூர்க்காரருக்குப் போனது போல, செருப்புக் காலத்தில் லைன் லீடர் நாற்காலியும் போய்விடக்கூடாது. புது ஆலையில் முதல் இரண்டு, மூன்று வருடம் அனுபவசாலிகள் வெளியிலிருந்து வருவது இயற்கை. ஐந்தாவது வருடமும் அப்படியே இருந்தால், தையல் மெஷினில் இருக்கும் செந்துறைப் பெண்ணுக்கு அந்த லைனில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்று பக்கத்து ஆலை சொன்னால் போய்விடுவாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆண்டிமடத்துக்காரி லைன் லீடர் ஆனதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசிப்பாள். லைன் லீடர் ஆன அந்தப் பெண்ணும், தனக்குக் கிடைத்த ஏச்சை அப்படியே கீழே இறக்காமல் இருக்கப் பழக வேண்டும். பயிற்சி வகுப்புக்குச் செலவழிக்க ஆசைப்படும் நிறுவனங்கள் அந்தக் காசை அங்கே கொட்டலாம், 19 வயதுக்காரியின் கண்ணாடி முன்னால் அல்ல.

கடைசியாக இரவு ஷிப்ட். பெண்களை இரவு வேலையில் அமர்த்தத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ம் ஆண்டின் கடைசியில் நீக்கியது, பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. இந்த மாவட்டத்து ஊர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக இல்லை. மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, இருபுறமும் சோளக்காடும் சீமைக்கருவேலமும் நிற்கும் பாதையின் கடைசியில் இருக்கின்றன. சில இடங்களில் பாதி வழி தெருவிளக்கு எரியாது.

ஆள் எடுக்க வருகிறவர் மேசையைப் போட்டுக்கொண்டு ‘பொண்ணு நின்னுடுவாளா?’ என்று கேட்கிறார் என்றால், எதிர்ப்பக்கம் நிற்கும் அம்மாவுக்கும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ‘உங்க பஸ்ஸு ஊருக்குள்ள வருமா சார், இல்ல மெயின் ரோட்டோட நின்னுடுமா?’